மூன்றாம் நீளத்துக்கு ஒரு துளை

எங்கள் கணிப்பொறியின் பெயர் மாசிக். ஸ்ட்ராபெரி என்று அர்த்தம். எஸ்தோனியாவில் எந்தத் தொழுவத்துக்குள் போய் அந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு மாடாவது திரும்பிப் பார்க்கும். அரசாங்கப் பதிவேட்டில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக வேறொரு பெயர் இருந்தது. ஆனால் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்று, நாளெல்லாம் துளையிட்ட அட்டையைத் தின்று, மறுபக்கம் காகிதமாகப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் போனால் உடம்புச்சூடு அடிக்கிற ஒன்றை எண் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு மனசு வரவில்லை.

என் பெயர் வம்போலா. தார்த்து நகரத்தில், ஆற்றைப் பார்த்த மேட்டில் இருந்த கணிப்பு நிலையத்தில் குளிர்விப்புப் பொறியாளனாக இருந்தேன். மாசிக்கின் வயிற்றுக்குள் வரிசை வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். எல்லாம் சேர்ந்து எரிந்தால் அறையில் முட்டை பொரிக்கலாம், பொரித்தும் இருக்கிறோம். அந்தச் சூட்டை ஒரு தகரக் குழாய் வைத்து வெளியே தள்ளினேன். தள்ளிய இடத்தில் பனி உருகி, ஜனவரி மாதத்தில் டேன்டேலியன் பூத்தது. விவசாயத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, அடுத்த ஆண்டுக்கு அந்த இடத்துக்கு மகசூல் இலக்கு நிர்ணயித்துவிட்டுப் போனார். அதோடு பயந்துபோய்க் குழாயை அடித்தளத்துக்குத் திருப்பிவிட்டேன்.

அடித்தளத்தில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தவர் குஸ்தி. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. குழாயின் வாயில் ஆற்றுக் கற்களை அடுக்கினார். எதிரே பலகையால் மூன்று படி கட்டினார். ஒரு வாளி, ஒரு அகப்பை, ஒரு கதவு: எங்கள் ஊர் நீராவிக் குளியலறையான சவுனா தயார். சனிக்கிழமை வந்தது. அன்றிலிருந்து, கணிப்பு நிலையம் என்று ஒன்று எதற்கு என்று நகரத்தில் யாரும் கேட்கவில்லை. சவுனாவுக்காக ஏதாவது ஒன்று எரியத்தானே வேண்டும்.

எல்லாக் கணக்கும் ஒரே சூடு தராது என்று முதலில் கண்டுபிடித்தவரும் குஸ்திதான்.

"வம்போலா, இன்னிக்கு மேல என்னப்பா ஓடுது?"

"மாவட்டப் பால் கணக்கு."

"அதான பாத்தேன். இதுல ஈரச் சாக்ஸ்கூடக் காயாது. ஹெல்யுவோட வார்த்தைங்களப் போடச் சொல்லு."

ஹெல்யு எங்கள் மொழி ஆராய்ச்சிக்காரி. குள்ளமான பெண். தன் காலைவிட இரண்டு அளவு பெரிய ஆண்பிள்ளைக் கம்பளி பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பாள். அவள் வருவது மூன்று அறைக்கு முன்பே தெரியும். எங்கள் மொழியில் குறில் உண்டு, நெடில் உண்டு, நெடிலுக்கும் மேலே இன்னொரு நீட்டலும் உண்டு. எழுத்தில் பெரும்பாலும் தெரியாது, வாயில் தெரியும். சத என்றால் நூறு. சாத என்றால் அனுப்பு. அதையே இன்னும் ஒரு பிடி இழுத்து, சாஅத என்றால் கிடைப்பது. ஹெல்யு சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய், ஒலிப்பதிவுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மாடு கறப்பவர்களும் மீன் உலர்த்துபவர்களும் பேசுவதைக் கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை துளைத்தாள். அட்டையின் ஓரத்தில் நீளத்துக்கு இரண்டு இடம். துளை இல்லாவிட்டால் குறில். ஒரு துளை நெடில். இரண்டு துளை மூன்றாம் நீளம். மாசிக் அந்த அட்டைகளைத் தின்று, சொல்லை அசை அசையாக வெட்டி, எந்த அசைக்குப் பின்னால் எந்த அசை வரும், எங்கே இழுக்கும், எங்கே விடும் என்று விதி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. என்றைக்காவது ஒருநாள் இயந்திரங்கள் வாய் திறந்து பேசத்தான் போகின்றன, அன்றைக்கு எங்கள் மொழியை வழிதவறி வந்த விருந்தாளி மாதிரிப் பேசக் கூடாது என்பது ஹெல்யுவின் கட்சி. அட்டைகள் உருளைக்கிழங்குப் பெட்டிகளில் அடுக்கி, சுவரோரம் கூரை வரைக்கும் இருந்தன.

சூட்டின் காரணம் இதுதான். குறில் சொல் வந்தால் வால்வு ஒரு முறை கண் சிமிட்டினால் போதும். நெடிலுக்குக் கொஞ்சம் முழித்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நீளம் வந்தாலோ, எல்லா வால்வும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொல் முடிகிறவரை செக்கச்செவேலென்று நிற்கும். நம்பாதவர்கள் சொந்தச் செலவில் ஒரு வால்வுக் கணிப்பொறி கட்டி, கீழே சவுனா வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிச் சுகமாக இருந்த எங்களிடம், பல் கிட்டிக்கிற ஒரு குளிர்காலத்தில், மாஸ்கோவிலிருந்து ஆர்சேனி கிளிமோவிச் வந்து சேர்ந்தார். அட்டைகளை ஒழுங்குபடுத்தும் ஆய்வாளர். ஒல்லியான மனிதர், கம்பிச் சட்ட மூக்குக்கண்ணாடி, எப்போதும் தோய்த்து மடித்த கைக்குட்டை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்து விளக்கினார். இனிமேல் சோவியத் ஒன்றியம் முழுவதும் எல்லா மொழிக்கும் ஒரே அட்டை. அதில் நீளத்துக்கு ஒரே ஒரு இடம். துளை இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். மற்ற எல்லா நிலையங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. பழைய அட்டைகளைத் திங்கட்கிழமை காகித ஆலை வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். கூழாக்கிப் புது அட்டை செய்துகொள்ளலாம்.

"ஆட்சேபணை யாருக்காவது இருக்கா?"

யாரும் பேசவில்லை. நாங்கள் பேசாமல் இருந்தது சாதாரணமாக இல்லை. ஜன்னலோரம் அட்டை துளைக்கிற பெண் மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டாள். நான் என் பூட்ஸைப் பார்த்தேன். குஸ்தி கூரையைப் பார்த்தார். ஹெல்யு ஆய்வாளரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரம்கூடக் கொஞ்சம் தயங்கித்தான் அடித்தது.

"ஏகமனதாக," என்று சொல்லி எழுதிக்கொண்டார் ஆர்சேனி கிளிமோவிச். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பாவம், சண்டை வரும் என்று நினைத்து வந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை இயந்திர அறைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாசிக் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்யு இரண்டு துளை அட்டைகளைக் கட்டுக் கட்டாக ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹெல்யு மார்த்தோவ்னா, இது என்ன?" என்றார், ரஷ்ய வழக்கப்படி அப்பா பெயரையும் சேர்த்து.

"வேலை, தோழர்."

"கூட்டத்துல முடிவு பண்ணினோமே. எல்லாரும் ஒத்துக்கிட்டீங்களே."

"யாரு ஒத்துக்கிட்டா?"

"யாருமே எதிர்த்துப் பேசலையே."

"தோழர், அவ்வளவு சத்தமா 'வேண்டாம்'னு இந்தக் கட்டடத்துல இதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்ல. எனக்குக் காது இன்னும் வலிக்குது."

ஆர்சேனி கிளிமோவிச் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எங்கள் ஊரில் வாயை மூடிக்கொண்டால் மறுப்பு என்று அர்த்தம், உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. எனக்குப் புரியவைங்க. ஒரு துளை குறைஞ்சா என்ன ஆயிடும்?"

"'அனுப்பு'ங்கறதும் 'கிடைக்கிறது'ங்கறதும் ஒரே அட்டையாயிடும்."

"ஆகட்டுமே."

"அனுப்பினதெல்லாம் கிடைச்சதாகாது தோழர். மேலிடத்துல அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. கறிக்கடை வாசல்ல போய் நின்னு பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கைக்குட்டையால் துடைத்து மறைத்தார். "எனக்காகச் சொல்லிக் காட்டுங்க. மூணையும்."

ஹெல்யு சொன்னாள். சத. சாத. சாஅத. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ரெண்டுதான் கேக்குது. நான் நேர்மையாச் சொல்றேன். காதுல விழாததுக்கு எப்படித் துளை போடறது? நாளைக்கு ஒருத்தர் வந்து, எங்க மொழில தூக்கத்துக்குன்னு தனியா ஒரு நீளம் இருக்குன்னு கேட்டா அதுக்கும் போடணுமா?"

"காதுல விழாதது தோல்ல படும்," என்றாள் ஹெல்யு. "நாளைக்கு சனிக்கிழமை. கீழ சவுனாவுல மேல் படில உக்காருங்க. நான் இங்க மூணு விதமான அட்டைக் கட்டையும் கலைச்சுக் கலைச்சு ஓட்டறேன். எது வருதுன்னு குழாயத் தட்டிச் சொல்லுங்க. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு ரெண்டு. மூணு தட்டற மாதிரி ஒண்ணு வரவேயில்லன்னா, திங்கட்கிழமை வண்டியில பெட்டிங்கள நானே ஏத்தறேன். வந்துட்டா, ரெண்டு துளைக்குக் கையெழுத்துப் போடுங்க."

நான் அவள் பூட்ஸை மிதித்தேன். அதற்குள் அவள் கால் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, பலன் இல்லை. அத்தனை வருட வேலையைக் கொண்டுபோய் ஒரு மாஸ்கோக்காரரின் முதுகுத் தோலில் வைத்துவிட்டாள்.

"ஒப்புக்கறேன்," என்றார் ஆர்சேனி கிளிமோவிச். இது வாயால் சொன்னது. எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

சனிக்கிழமை மாலை. ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது. கீழே நாங்கள் மூன்று பேர்: மேல் படியில் ஆர்சேனி கிளிமோவிச், அவருக்குப் பக்கத்தில் சாட்சியாக நான், கற்களுக்குப் பக்கத்தில் அகப்பையோடு குஸ்தி. ஆய்வாளர் தலைக்குக் கம்பளித் தொப்பி வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். கண் தெரியாமல் கையெழுத்துக்கு உரிய சோதனை செய்வது முறையில்லையாம்.

"ஒவ்வொரு கட்டுக்கும் ஒரே ஒரு அகப்பைத் தண்ணி," என்றார் குஸ்தி. "கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. தோழர், எங்க ஊர்ல ஒரு விஷயம். சவுனாவுல பொய் சொல்றதில்ல. சொன்னா கல்லு வெடிக்கும்."

"நிஜமாவா?"

"எங்கப்பா காலத்துல ஒருத்தன் தான் பிடிச்ச மீனோட நீளத்தச் சொன்னான். இன்னும் கூரைல அந்த ஓட்டை இருக்கு."

மேலே மாசிக் முனகத் தொடங்கியது. குஸ்தி தண்ணீரை ஊற்றினார். கற்கள் மெல்ல உஸ் என்றன. வெதுவெதுப்பு, காய்ச்சிய பால் ஆறின மாதிரி. ஆர்சேனி கிளிமோவிச் யோசித்து, கையை நீட்டிக் குழாயை ஒரு முறை தட்டினார். சரி.

அடுத்த கட்டு. சூடு தோளில் கை போட்டது. இரண்டு தட்டு. சரி. மறுபடி குறில், ஒரு தட்டு. மறுபடி நெடில், இரண்டு தட்டு. அவருக்கே ஆச்சரியம். "விசித்திரமா இருக்கு. நல்லாவே வித்தியாசம் தெரியுது," என்றார் என்னிடம். சவுனா வழக்கப்படி, சேர்த்துக் கட்டிய பிர்ச் மரக் கிளைகளை எடுத்து முதுகில் அடித்துக்கொள்ளக்கூட ஆரம்பித்தார்.

அப்புறம் மூன்றாம் நீளம் வந்தது.

அதைச் சொல்வது சிரமம். கற்கள் உஸ் என்று சொல்லவில்லை, கொஞ்ச நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு நீராவி படிகளில் ஏறி வந்தது, மாமனார் வீட்டுக்குள் வருகிற மாதிரி, அவசரமில்லாமல், எல்லா இடமும் தன்னுடையது என்று. காது மடல் முதலில் போனது. பலகையிலிருந்து பிசின் வழிந்தது. என் கையில் இருந்த காய்ந்த பிர்ச் கிளை ஒரு துளிர் விட்டது.

ஆர்சேனி கிளிமோவிச் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு கையை விடுவித்துக் குழாயைத் தட்டினார். ஒன்று. இரண்டு. கை அங்கேயே நின்றது. கீழே இறங்கிவிட்டது.

"ரெண்டு," என்றார்.

மேலே மாசிக் நின்றது. ஹெல்யு கேட்டுவிட்டாள். அவள் பூட்ஸ் சத்தம் தரையில் குறுக்கே போனது, திரும்பி வந்தது. அதே கட்டு மறுபடி ஓடியது.

குஸ்தி ஊற்றினார். நான் நடுப்படிக்கு இறங்கினேன்.

"ரெண்டு," என்றார் ஆய்வாளர்.

"தோழர், உங்க கண்ணாடிச் சட்டம் வளையுது," என்றார் குஸ்தி.

"பழைய சட்டம். அப்படித்தான் வளையும்."

"கல்லு ஒரு மாதிரி டிக்டிக்குங்குது."

"குளிருதோ என்னவோ."

மூன்றாம் முறையும் அதே கட்டு. அதே இரண்டு தட்டு. நான் தரைக்கு வந்து, கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டேன். குஸ்தியும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, படுத்தபடியே அகப்பையை வீசி ஊற்றினார். மேல் படியில் அவர் மட்டும் தனியாக, நிமிர்ந்து, தோலின் நிறம் பீட்ரூட் சூப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, உட்கார்ந்திருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். எங்களில் ஒருவராகப் பிறந்திருக்க வேண்டியவர், எப்படியோ தவறிப்போயிருக்கிறது.

"ஹெல்யு, போதும்மா, ஆளு வெந்துடுவாரு," என்று குஸ்தி குழாய்க்குள் கத்தினார்.

குழாய் வழியாக அவள் குரல் வந்தது, தகரத்தில் நசுங்கி. "அவருக்கு ரெண்டுதான தெரியுது. நெடில் யாரையும் வேக வைக்காது."

பிறகு பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. கட்டு இல்லை, பெட்டி. கிராமம் கிராமமாக அவள் பொறுக்கி வந்த மூன்றாம் நீளச் சொற்கள் அத்தனையையும் மாசிக்கின் வாயில் கொட்டினாள். கட்டடம் முழுவதும் விளக்கு மங்கியது. கூரைப் பனி ஒரே பாளமாகச் சரிந்து முற்றத்தில் விழுந்தது. எதிரே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். குழாய்மேல் குஸ்தி தொங்கவிட்டிருந்த ரத்த சாசேஜ் தானாகவே வெந்து, தானாகவே வெடித்தது. கல் என்று நினைத்து நாங்கள் இருவரும் தலையைப் பொத்திக்கொண்டோம்.

ஆர்சேனி கிளிமோவிச்சும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எழுந்தார். எங்கள் இருவரையும் தாண்டி, கதவைத் திறந்து, முற்றத்துக்குப் போனார். ஓடவில்லை, நடந்தார், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கூரையிலிருந்து சரிந்து குவிந்திருந்த பனிக்குள் இடுப்பளவு இறங்கி நின்றார். பனி அவரைச் சுற்றிச் சர்ரென்று விலகியது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் கீழே போய்க்கொண்டேயிருந்தார். கடைசியில் கம்பளித் தொப்பி மட்டும் தெரிந்தது. குஸ்தியும் நானும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுவந்தோம். அவர் நின்ற இடத்தில், ஆள் வடிவத்தில், கண்ணாடி முதற்கொண்டு தெளிவாக, தரைவரைக்கும் ஒரு துளை இருந்தது. ஏப்ரல் வரையில் அது மூடவில்லை.

சவுனாவின் முன்னறையில் போர்வை சுற்றி உட்கார வைத்தோம். குஸ்தி கருப்பு ரொட்டியை அறுத்து, நெத்திலி வைத்து, பியரை ஊற்றினார். பூட்ஸ் சத்தம் படியிறங்கி வந்தது. ஹெல்யு அவருக்கு எதிரே நின்றாள். கையில் ஒரே ஒரு அட்டை.

"தோழர் ஆர்சேனி கிளிமோவிச், மூணாவது நீளம்னு ஒண்ணு இருக்கு. எங்க அட்டைல ரெண்டு துளை இருக்கும். ஆட்சேபணை இருக்கா?"

அவர் பேசவில்லை.

குஸ்தியின் கத்தி ரொட்டியின் பாதியில் நின்றது. ஆர்சேனி கிளிமோவிச் வளைந்த கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டை இல்லாததால் போர்வை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு, அவள் ஸ்வெட்டர் பொத்தானைப் பார்த்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஹெல்யு காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். இது எந்த ஊரு மௌனம்? உங்க ஊருதா, எங்க ஊருதா?"

அவர் பியரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குவளையை வைத்தார்.

"எங்க ஊருது," என்றார்.

ஹெல்யு அட்டையை மேசைமேல், நெத்திலித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஏகமனதாக," என்றாள்.

"ஆனா, மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதறது?" என்றார் அவர், வாயில் ரொட்டியோடு. "சவுனாவுல வெந்தேன்னு எழுத முடியாது. அந்தப் படிவத்துல நீளத்துக்கு ஒரு துளைதான் இருக்கு. ரெண்டாவதுக்கு ஒரு காரணம் வேணும்."

குஸ்தி யோசித்தார். "அட்டை ரொம்பச் சூடாகுது இல்ல? காத்து போகணுமே."

திங்கட்கிழமை காகித ஆலை வண்டி வந்தது. ஹெல்யு வாசலில் பூட்ஸை அகட்டி நின்றாள். வண்டிக்காரன் அவளைப் பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அதே நாள் ரயிலில் ஆர்சேனி கிளிமோவிச்சின் பெட்டியில் கையெழுத்திட்ட அறிக்கை போனது: முதல் துளை, நீளம், இரண்டாம் துளை, காற்றோட்டம்.

அடுத்த வருடம் ஒன்றியத்தின் எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. அனுபவத்தில் நிரூபணமான காரணங்களை முன்னிட்டு, எந்த மொழியாக இருந்தாலும், இனி ஒவ்வொரு அட்டையிலும் காற்றோட்டத் துளைக்கு இடம் கட்டாயம். ஹெல்யு அதை இரண்டு முறை படித்துவிட்டு, மாசிக்கின் பக்கவாட்டில் ஒட்டினாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "யாருக்காவது இன்னொரு நீளம் இருந்து, சொல்லப் பயந்துட்டு இருந்தாங்கன்னா, இப்ப இடம் தயாரா இருக்கு."